பாவித்த ஹோண்டா சி.ஆர்.இசட்: யாழ்ப்பாணத்து வீதிகளில் 14 மாதங்கள்

கையில் இருந்தது 50 இலட்சம். 2024 நடுப்பகுதியில் அந்தக் காசுக்கு என்ன கார் எடுக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு சுசுகி வாகன்ஆர் எடு, பெற்றோலும் மிச்சம், பிறகு விற்கவும் சுகம். அது பிழையான அறிவுரை இல்லை. ஆனால் எனக்குப் பதினாறு வயதிலிருந்து மனதில் இருந்தது தாழ்ந்த சீற்றில் இருந்து, கையால் கியர் போட்டு ஓடுகிற ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து நாட்டில் இருந்த எல்லா வாகனமும் பழசாகப் பழசாக விலை கூடிக்கொண்டே போனது, 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கார் ஆசையே விட்டுப்போனது, அப்புறம் ஒருநாள் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு நல்ல வாகன்ஆர் கேட்கும் காசுக்குக் குறைவாகவே ஹோண்டா சி.ஆர்.இசட் கிடைக்கிறது என்று.

ஏன் அது மலிவு என்பதுதான் இந்தக் கார் பற்றிய முழுக் கதையும். பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பற்றறியும் சேர்ந்த ஹைபிரிட், பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு, பின் சீற்றில் பெரிய ஆள் இருக்க முடியாது. சனம் பயப்படுகிறது. பயம் நியாயம்தான், ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தால் இந்தக் காசுக்கு இதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் ஊரில் இல்லை என்பது என் முடிவு.

வேறு எவற்றைப் பார்த்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 பார்க்கும்போது மனதை அள்ளும், ஆனால் அதில் இருப்பது பிஸ்டன் இல்லாத ரோட்டரி எஞ்சின், ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது, உள்ளே முனை சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் விழுந்து சூட்டில் ஸ்டார்ட் எடுக்காது. அதைத் திறந்து பூட்டத் தெரிந்த கராஜ் ஒன்றும் இங்கே எனக்குத் தெரிந்து இல்லை. மாஸ்டா ரோட்ஸ்டர் இரண்டே சீற், எனக்கு இரண்டு பிள்ளைகள், அதோடு அந்தக் கதை முடிந்தது. டொயோட்டா லெவின் ஏ.இ.111, அந்த 1.6 லீற்றர் 20 வால்வு எஞ்சின்காரன், அதுதான் உண்மையில் என் முதல் ஆசை. நான் பார்த்த இரண்டும் எங்கேயோ அடிபட்டு டிங்கர் வேலை செய்து, மேலே பூசி, உள்ளே துருப்பிடித்துக் கிடந்தன.

சி.ஆர்.இசட் 2010 பெப்ரவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, அந்த ஆண்டுக்கான ஜப்பானின் சிறந்த கார் விருதும் அதற்குத்தான். 1,496 சி.சி எஞ்சின், அதற்கும் கியர்பெட்டிக்கும் நடுவே தோசைக்கல் மாதிரித் தட்டையான ஒரு மின்மோட்டார். நான் எடுத்தது முதல் மாதிரி, இசட்.எஃப் 1, ஆறு கியர் மனுவல். எஞ்சின் 114 குதிரைவலு, மோட்டார் 14, இரண்டின் உச்சமும் ஒரே சுற்றில் வராததால் சேர்ந்து 124. நிறை 1,130 கிலோ. நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொடப் பத்து விநாடி பக்கம் எடுக்கும், ஆகவே தாளில் பார்த்தால் இது வேகமான கார் இல்லை. 2012 இல் வந்த இரண்டாவது மாதிரியில் லித்தியம் பற்றறியும் பெரிய மோட்டாரும் உண்டு, விலையும் அதற்கேற்றபடி. பழையதில் இருப்பது நிக்கல் பற்றறி. இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

தேடத் தொடங்கி மூன்று மாதத்தில் நான்கு கார் பார்த்தேன். நீர்கொழும்புப் பக்கம் ஒரு புறோக்கர் 62,000 கிலோமீற்றர் என்று காட்டியது, பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது, ஸ்ரியரிங் தோல் பளபளத்தது. அந்த மைலேஜ் பொய் என்று சொல்ல ஒரு மீற்றரும் தேவையில்லை. ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையையும் மைலேஜையும் எழுதிக் கொடுக்கும் ஏலத் தாள் இருக்கிறதா என்று கேட்டால் தொலைந்துவிட்டது என்றார். குருணாகலில் பார்த்ததில் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினால் சேசிஸ் ஓரத்தில் வெல்டிங் தழும்பு, பின்னால் அடி வாங்கிய கார். இந்தக் காரில் பின்னால் அடி என்றால் சாதாரண விஷயம் இல்லை, ஏனென்றால் ஹைபிரிட் பற்றறி இருப்பதே அந்தப் பின் தளத்துக்குக் கீழேதான்.

மூன்றாவது கார்தான் என்னை ஏறக்குறைய விழுத்தியது. கொக்குவிலில், வீட்டிலிருந்து பத்து நிமிடம். உரிமையாளர் வெளிநாட்டில், நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறபோது ஒரு மாதம் ஓடுவார், மிச்ச நாளெல்லாம் கார் வளவுக்குள் உறை போட்டு நிற்கும். 41,000 கிலோமீற்றர், அது உண்மையான மைலேஜ், ஏலத் தாளோடு எல்லாம் சரி. வெள்ளை நிறம், ஒரு கீறல் இல்லை, உள்ளே புதுக்கார் மணம். கேட்டது 49 இலட்சம். நான் அட்வான்ஸ் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

என்னோடு வந்த மெக்கானிக் அண்ணை என் அப்பாவின் காலத்து ஆள், போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது இரண்டு துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டிக் காட்டியவர், பிறகு கொழும்பில் பத்து வருடம் ஹைபிரிட் வேலையும் பழகி வந்தவர். அவர் பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. திறப்பைத் திருப்பச் சொல்லிக் காதைக் கொடுத்தார். நல்ல பற்றறி உள்ள சி.ஆர்.இசட் சத்தமே இல்லாமல், ஒரு சிலிர்ப்போடு ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் எஞ்சினைச் சுழற்றுவது அந்தப் பெரிய மின்மோட்டார். இது சாதாரணக் கார் மாதிரிக் கிறுகிறு என்று சுழன்றது. ஹைபிரிட் பற்றறியில் சக்தி போதாதபோது காரே 12 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு மாறிவிடும். பிறகு பலாலி வீதியில் ஓட்டிப் பார்த்தோம், மூன்றாம் கியரில் மூன்று தரம் நன்றாக அழுத்தச் சொன்னார். பற்றறி மீற்றரில் ஆறு கோடு இருந்தது, மூன்றாம் தரம் அழுத்தும்போது ஆறிலிருந்து ஒரேயடியாக ஒன்றுக்கு விழுந்தது, கொஞ்சம் ஓடியதும் பொய்யாக மேலே ஏறியது.

"தம்பி, ஓடாத காரைப் பார்த்து ஆசைப்படாதையும். நிக்கல் பற்றறி நின்றால் சாகும், ஓடினால் இருக்கும்" என்றார்.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரில் இப்படி உறை போட்டு நிற்கும் கார்கள் நிறைய. குறைந்த மைலேஜ் என்பதைத் தங்கம் மாதிரிச் சொல்லி விற்கிறார்கள், பெற்றோல் கார் என்றால் அது ஓரளவு சரி, ஆனால் பழைய நிக்கல் பற்றறி ஹைபிரிட்டுக்கு அது நேர் எதிர். சி.ஆர்.இசட் பற்றறிக்குள் 84 செல்கள், வரிசை வரிசையாகக் குச்சி போல அடுக்கியிருக்கும், மொத்தம் 100 வோல்ட். நிற்கும்போது ஒவ்வொரு செல்லும் தன்பாட்டில் சக்தியை இழக்கும், எல்லாம் ஒரே அளவில் இழக்காது. மாதக்கணக்கில் நின்றால் ஒன்று நிரம்பி இருக்கும், இன்னொன்று வெறுமையாக இருக்கும், ஓடத் தொடங்கும்போது அந்த வெறுமையான செல்தான் முழுப் பற்றறியையும் கீழே இழுக்கும். அதற்கு மேலே எங்கள் வெயில். தினமும் ஓடுகிற காரில் செல்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகாது. மீற்றர் திடீரென்று விழுந்து எழும்புவது அந்தச் சமநிலை கெட்டதன் அடையாளம். விற்பவர் அதைப் பார்த்துக்கொண்டே "அது சும்மா, ஓடினால் சரியாகும்" என்பார்.

அதனால் நான் வாங்கியது நான்காவது கார். வவுனியாவில் ஒரு அரச ஊழியர், தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வந்தவர். 1,31,000 கிலோமீற்றர், முன் பம்பரில் கீறல், ஓட்டுநர் சீற் ஓரம் கிழிந்திருந்தது. சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. ஓமந்தை தாண்டி ஏ-9 இல் ஐந்தாறு தரம் முழுக்க அழுத்தியும் மீற்றர் ஒவ்வொரு கோடாகத்தான் இறங்கியது, பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு கோடாக ஏறியது. கிளச் பார்க்க ஐந்தாம் கியரில் 40 இல் வைத்து ஒரேயடியாக அழுத்தினோம், வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறினால் கிளச் முடிந்தது என்று அர்த்தம், இதில் அப்படி இல்லை. 45 கேட்டார், 43 இல் முடிந்தது. மிச்சம் 7 இலட்சத்தை நான் தொடவில்லை. தொடாமல் வைத்ததுதான் நான் செய்த சரியான காரியம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பத்திர விஷயம் இரண்டு வரி. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது விடுவிக்கப்படும்வரை காசு கொடுக்காதீர்கள். "ஓபன் பேப்பர்" என்று, நடுவில் இரண்டு மூன்று கை மாறி, பெயர் மாற்றாமல் வரும் காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், பதிவில் உள்ளவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலையாகிவிடும்.

இனி ஓட்டம்.

இந்தக் காரை ஓட்டிப் பார்க்காமல் 124 குதிரைவலு என்று கணக்குச் சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்துக்குப் போகிறேன். கியர் கம்பு கட்டை, கை மணிக்கட்டை அசைத்தாலே அடுத்த கியர் டக்கென்று உட்காரும், நான் தொட்ட கியர்களில் இதுதான் சிறந்தது. சின்ன எஞ்சின்களுக்கு உள்ள குணம் கீழ்ச் சுற்றில் இழுக்காது, இதில் அந்த இடத்தை மின்மோட்டார் நிரப்புகிறது, இரண்டாம் கியரில் 20 இல் இருந்து அழுத்தினாலே முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் மீற்றர் சிவப்பாகும், ஸ்ரியரிங் இறுகும், கால் வைத்தவுடன் பதில் வரும். ஊருக்கு வெளியே 70 கிலோமீற்றர்தான் சட்டம், ஏ-9 இல் பொலிஸ் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 70 க்குள்ளேயே சந்தோஷம் தருகிற கார்தான் இந்த நாட்டுக்குப் பொருத்தமான ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் நினைக்கிறேன். 250 குதிரைவலு வைத்துக்கொண்டு பருத்தித்துறை வீதியில் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் பின்னால் என்ன செய்வது?

காலை ஐந்தரைக்கு, பொன்னாலையிலிருந்து காரைநகர் போகிற அந்தக் கடல் நடுவிலான வீதியில், இரண்டு பக்கமும் தண்ணீர், கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாம் கியரிலிருந்து நான்குக்குப் போகிற அந்தக் கணம். அதற்காகத்தான் நான் இந்தக் காரை வாங்கினேன், 14 மாதத்திலும் அது குறையவில்லை.

ஆனால் அதே கடல்தான் காரைத் தின்னவும் செய்யும். தீவுப் பக்கம் போய் வந்தால் அடுத்த நாளே அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உவர் என்பதால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். நான் வாங்கியவுடன் அடிப்பாகத்துக்குத் துரு எதிர்ப்புப் பூச்சு அடித்தேன்.

உள் ஒழுங்கைகளில் இது கஷ்டமான கார். முன் பம்பரின் கீழ் உதடு தாழ்வு, வேகத்தடைகளைக் குறுக்காகத்தான் ஏற வேண்டும், மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளுக்குள் நான் இறக்குவதே இல்லை. சஸ்பென்ஷன் இறுக்கம், கல் ஏறினால் கல்லின் அளவைச் சொல்லலாம். என் அப்பாவுக்கு 71 வயது, ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் பெரிய வேலை, இப்போது அவர் என் தம்பியின் காரில்தான் கோயிலுக்குப் போகிறார். பின் சீற்றில் என் ஆறு வயது மகளும் ஒன்பது வயது மகனும் இருக்கிறார்கள், இன்னும் இரண்டு வருடம் இருப்பார்கள், பெரியவர்கள் அங்கே இருக்க முடியாது, தலை கண்ணாடியில் முட்டும். பின் கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் தடித்த பட்டை, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் அந்தப் பட்டைக்குள் மறைந்தே போகும். கமரா ஒன்று முதல் வாரமே போட்டேன், நீங்களும் போடுங்கள், இது அலங்காரம் இல்லை, அவசியம்.

ஏ.சி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்பிரஷர் எஞ்சினின் பெல்ட்டில் சுழல்வது. சந்தியில் கியரை நியூட்ரலில் விட்டு நின்றால் பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சின் தானாக நிற்கும், அதோடு குளிரும் நின்று வெறும் காற்றுத்தான் வரும். ஏப்ரல் மதியத்தில் ஆஸ்பத்திரி வீதிச் சந்தியில் இதை அனுபவித்துப் பார்க்க வேண்டும். குளிர் வேண்டுமென்றால் கிளச்சை மிதித்து முதலாம் கியரில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

பெற்றோல் சிக்கனம் நான் எழுதி வைத்த கணக்கு: ஊருக்குள் லீற்றருக்கு 13, ஏ-9 இல் கொழும்பு போய் வரும்போது 18. சாதாரண 92 போதும். 40 லீற்றர் தாங்கி, ஒரு தரம் நிரப்பினால் கொழும்பு போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும்.

இப்போது அந்த 7 இலட்சம். வாங்கி எட்டாம் மாதம் வேலை விஷயமாக நான் ஐந்து வாரம் இந்தியாவில் நிற்க வேண்டி வந்தது, வீட்டில் வேறு யாரும் மனுவல் ஓடுவதில்லை, கார் போர்ட்டிகோவில் நின்றது. திரும்பி வந்து மூன்றாம் நாள், சாவகச்சேரி தாண்டும்போது ஐ.எம்.ஏ எனப்படும் ஹைபிரிட் அமைப்பின் எச்சரிக்கை லைற் எரிந்தது. தெரிந்தே நான் விட்ட பிழை, 13 வயதுப் பற்றறியை ஐந்து வாரம் நிற்க விட்டேன். கார் நிற்கவில்லை, வெறும் எஞ்சினிலேயே ஓடும், ஆனால் மோட்டாரின் உதவி இல்லாமல் அது ஒரு சாதாரண, கொஞ்சம் சோம்பலான கார்.

முதலில் கொழும்பில் ஒரு இடத்தில் கொடுத்தேன். பழுதான இரண்டு குச்சியை மட்டும் பழைய பற்றறி ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டு, 85,000 வாங்கி, ஆறு மாத உத்தரவாதம் என்றார்கள். ஏழு வாரத்தில் வேறு இரண்டு குச்சி போனது. உத்தரவாதம் நாங்கள் மாற்றிய குச்சிக்குத்தான் என்று போனிலேயே முடித்துவிட்டார்கள், எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பழைய செல்லோடு வேறு பழைய செல்லைக் கலப்பது மருந்தே இல்லை, காசைத் தவணையாகத் தொலைப்பது. அப்புறம் எங்கள் அண்ணையே முழுவதும் புதுச் செல் தருவித்து, ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியே ஏற்றி இறக்கிச் சமப்படுத்திப் பூட்டினார். மூன்று நாள் வேலை, கூலியோடு 3,40,000. பற்றறியைக் குளிர்விக்கும் மின்விசிறி காரின் உள்ளே இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது, அதைக் கழற்றியபோது எங்கள் செம்மண் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது, ஆகவே வருடம் ஒரு தரம் அதைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். இதை நீங்களே வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள், 100 வோல்ட் ஆளைக் கொல்லும்.

அந்த வேலைக்குப் பிறகு கார் நான் வாங்கிய நாளைவிட நன்றாக இழுக்கிறது. மொத்தக் கணக்கு: கார் 43, பற்றறி இரண்டு தரமும் சேர்த்து 4.25, நான்கு ரயர், முன் ஷொக் இரண்டு, ஒயில், பூச்சு, கமரா எல்லாம் 2 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 50 க்குள் முடிந்தது. முழுக் காசையும் காருக்கே கொடுத்திருந்தால் எட்டாம் மாதமே விற்றிருப்பேன், அதுவும் பழுதான பற்றறியோடு, அடிமாட்டு விலைக்கு.

மற்ற உதிரிப்பாகங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஹோண்டாவின் ஃபிட், இன்சைட் இரண்டோடும் உறவுக்காரக் கார் என்பதால் தேய்மானச் சாமான்கள் பல யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கின்றன, இல்லாவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லி இரவு பஸ்ஸில் வரும். கண்ணாடி, பின் லைற், பம்பர் போன்ற இந்தக் காருக்கே உரியவைதான் தேடியலைய வைக்கும், ஆகவே முழு இன்சூரன்ஸ் இல்லாமல் இதை வீதியில் இறக்காதீர்கள்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தபோது விலை விழும் என்று காத்திருந்த நண்பர்கள், புதிதாக வரும் கார்களின் வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பழைய கார்தான் தேடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: மனுவல் எடுங்கள், கிடைக்க நாள் எடுக்கும், பொறுங்கள். தானியங்கி கியரில் இந்தக் காரின் உயிர் பாதி இல்லை.

அந்தக் கொக்குவில் வெள்ளைக் கார் இன்னும் விற்பனைக்கு நிற்கிறது, போன கிழமையும் மதிலால் எட்டிப் பார்த்தேன். இப்போது 47 கேட்கிறார்கள். மற்றபடி அது அருமையான கார், வாங்க நினைப்பவர் பற்றறிக்கு நான்கு இலட்சம் கழித்துப் பேசுங்கள், இறங்கி வந்தால் எடுங்கள், எடுத்தால் தினமும் ஓடுங்கள்.